வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பூ

சொர்பாரா திராட்சைக்கு ஒரு குறை உண்டு. கொடி நன்றாகப் படரும், கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆனால் அந்தப் பூவின் மகரந்தத்தில் உயிர் கிடையாது. தனியாக நட்டு வைத்தால் இலையும் பூவும்தான் மிச்சம், பிஞ்சு பிடிக்காது. பக்கத்திலேயே சலமீனோ திராட்சை நிற்க வேண்டும். ஜூன் மாதம் இரண்டும் ஒன்றாகப் பூக்கும்போது சலமீனோவின் பூந்தூள் காற்றில் வந்து விழுந்தால்தான் சொர்பாரா காய்க்கும். வட இத்தாலியின் செக்கியா ஆற்றங்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ஜெலிந்தா மலகோலிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் செய்தாள்.

அவளைக் கெட்டவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. நல்லவள் என்று சொன்னவர்களும் அதிகம் இல்லை. "உழைப்பாளி" என்பார்கள். அதைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

அவளுக்கு முப்பது வயது நடக்கும்போது அப்பா அர்திலியோவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். தம்பி எர்மெஸ் சஸ்ஸுவோலோவில் தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து ஸ்கூட்டர் வாங்கிவிட்டான். ஜெலிந்தாவைப் பெண் கேட்டிருந்த குவெர்ரீனோ ரயில்வேக்காரன், பொறுமைசாலி. இரண்டு வசந்தம் காத்திருந்தான். மூன்றாவது வசந்தத்தில் ஃபெர்ராராவில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். ஜெலிந்தா அதற்காக அழுததை யாரும் பார்க்கவில்லை. அப்பாவைக் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, பிறகு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள். கவாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, மருந்தடிப்பது, அறுப்பது எல்லாம் அவள்தான். எர்மெஸ் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வருவான். கேக் கொண்டு வருவான். சாப்பிட்டுவிட்டு மேசையிலேயே தூங்கிப் போவான்.

மலகோலி நிலம் நீளவாக்கில் கிடந்தது. நடுவே ஒரு வாய்க்கால். ஆற்றைப் பார்த்த பக்கம் மணல் கலந்த மண், அதில் சொர்பாரா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களிமண், அதில் சலமீனோ. காற்று களிமண் பக்கமிருந்து மணல் பக்கம் வீசும் என்பதைப் பார்த்துத்தான் அர்திலியோ அப்படி நட்டிருந்தார்.

ஒரு குளிர்கால மதியம். அர்திலியோ அடுப்புப் பக்கம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி ஒரெஸ்தே எதிரே உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். ஜெலிந்தா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நிலத்தைக் குறுக்கால வெட்டிரலாம்னு இருக்கேன்" என்றார் அர்திலியோ. வாய் கோணியிருந்ததால் வார்த்தைகள் மெல்ல வந்தன. "வாய்க்காலைத் தாண்டி ஆளுக்குப் பாதி. உனக்கும் ரெண்டு ஜாதியும் இருக்கும், அவனுக்கும் ரெண்டு ஜாதியும் இருக்கும்."

"அவனுக்கு எதுக்குப்பா சொர்பாரா?" என்றாள் ஜெலிந்தா. "போன ஈஸ்டருக்கு இதே மேசையில உக்காந்து என்ன சொன்னான்? மண்ணைக் கட்டிக்கிட்டு அழறவன் முட்டாள்னான். அவன் கையில குடுத்தா அறுப்புக்கு முன்னாடி வித்துட்டுப் போயிருவான்."

"வாய்க்கு வந்ததைப் பேசுவான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

"பேசறவன் செய்யமாட்டான்னு என்ன நிச்சயம்?"

ஒரெஸ்தே சீட்டைப் போட்டார். "ரெண்டு பேரும் என் முன்னாடி சண்டை போடாதீங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும், வாய் அதைவிட நல்லாப் பேசும்" என்றார். அதைத் தமாஷாகத்தான் சொன்னார்.

ஜெலிந்தா அன்றோடு விடவில்லை. கஞ்சி ஊட்டும்போது சொன்னாள். படுக்கை விரிப்பு மாற்றும்போது சொன்னாள். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகில் எண்ணெய் தேய்க்கும்போதும் சொன்னாள். கொடி கட்டும் பருவம் வரும்போது கிழவர் களைத்துப்போனார். "நீதான் பாத்துக்கிட்டே. உன் இஷ்டம்போல செய்" என்றார். நோட்டரியை வீட்டுக்கே வரவழைத்தாள். மணல் நிலமும் சொர்பாராவும் வீடும் ஜெலிந்தாவுக்கு. களிமண்ணும் சலமீனோவும் மாட்டுக்கொட்டிலும் எர்மெஸுக்கு. அறுப்புக்கு முன்பே அர்திலியோ இறந்துபோனார்.

பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது எர்மெஸ் தோளைக் குலுக்கினான். அவனுக்கு அன்று நிலம் ஒரு பொருட்டில்லை. தன் பாகத்தையும் அக்காவே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். ஜெலிந்தாவுக்கு மனசு லேசானது. தான் செய்ததில் தப்பே இல்லை என்று அன்றைக்கு முழுசாக நம்பினாள்.

இரண்டு வருஷம் கழித்து எர்மெஸ் திரும்பி வந்தான். ஓட்டுக்கு மெருகு பூசும் பிரிவில் வேலை பார்த்தவன். ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது. கை நடுங்கியது, முகம் சாம்பல் பூத்திருந்தது. தொழிற்சாலை கை கழுவிவிட்டது. கூடவே பெண்டாட்டி மாஃபால்டாவும் வந்தாள். கார்ப்பி ஊர்க்காரி, வீட்டிலேயே பின்னல் இயந்திரம் வைத்து ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பவள். கொட்டிலின் மேல்தளத்தை வெள்ளையடித்துக் குடியேறினார்கள். பகலெல்லாம் அங்கிருந்து இயந்திரம் ஓடும் சத்தம் வாய்க்காலைத் தாண்டிக் கேட்கும்.

விற்றுவிட்டுப் போய்விடுவான் என்று யாரைப் பற்றிச் சொன்னாளோ அவன் விற்கவில்லை. காலையில் எழுந்து சலமீனோ வரிசைக்குள் போவான். நடுங்கும் கையால் கத்தரிக்கோலைப் பிடித்து மெதுவாக, ஆனால் ஒரு வெட்டும் பிசகாமல் கவாத்து செய்வான். அந்த வரிசைகளைப் பதினைந்து வயதில் அப்பாவோடு சேர்ந்து குழி தோண்டி நட்டவனே அவன்தான். ஜெலிந்தா அதை மறந்திருந்தாள். அவன் கொடியின் அடியில் மண்டியிட்டு மண்ணைத் தள்ளுவதைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்மெஸும் மாஃபால்டாவும் சாப்பிட வந்தார்கள். ஜெலிந்தா சூடான ரொட்டிகளைப் பிளந்து பன்றிக் கொழுப்பும் பூண்டும் தடவி வைத்தாள். மேசை நடுவில் ஒயின் இருந்தது. எர்மெஸ் இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் பேச்சை எடுத்தான்.

"அக்கா, ஒரு யோசனை. நீ சொர்பாராவைக் கூட்டுறவு ஆலைக்குக் குடுக்கறே, நல்ல விலைக்கு. நான் சலமீனோவைக் குடுக்கறேன், அவனுங்க குடுக்கறதை வாங்கிட்டு வர்றேன். ரெண்டையும் சேத்து நாமளே ஒயின் போட்டுப் புட்டியில அடைச்சா என்ன? இப்பெல்லாம் மொதெனா டவுன்லேர்ந்து கார்ல வந்து வாங்கறான். மேல மலகோலின்னு ஒட்டுவோம். அப்பா வீட்டுக்குப் போட்ட மாதிரியே ரெண்டும் கலந்தது."

"உன் சலமீனோவைக் கலந்து என் சொர்பாராவைக் கறுப்பாக்கச் சொல்றியா?"

"கறுப்பாகாது. கொஞ்சம் நிறம் ஏறும். கொஞ்சம் சதை பிடிக்கும்."

"சொர்பாராவுக்கு வெளிர் ரோசா நிறம்தான் மரியாதை. அதைக் கெடுத்துட்டு என்ன பேர் ஒட்டி என்ன?"

எர்மெஸ் ரொட்டியைப் பிய்த்தான். "அப்போ ஜூன் மாசம் என் சலமீனோ வேணும். அக்டோபர்ல வேண்டாம். அப்படித்தானே?"

"காத்துக்கு யாரும் வாடகை கேக்கறதில்லடா" என்றாள் ஜெலிந்தா.

மாஃபால்டா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். எர்மெஸ் சிரித்தான், ஆனால் அடுத்த ரொட்டியை எடுக்கவில்லை. சீக்கிரமே எழுந்து போய்விட்டார்கள். மேசையைத் துடைக்கும்போது தான் சொன்னது நறுக்கென்று நல்ல பதில்தான் என்று ஜெலிந்தாவுக்குப் பட்டது. அது தப்பு என்று தோன்றவே இல்லை.

அந்த வார்த்தை ஊருக்குள் போனது. ஊர்க்காரர்கள் காபி குடிக்கவும் சீட்டாடவும் கூடும் மக்கள் மன்றத்தில், சீட்டு மேசையில் ஒருத்தன் அதைச் சொல்லிச் சிரித்தான். ஒரெஸ்தே சிரிக்கவில்லை. சொன்னபடியே அவர் வாய் சும்மா இருக்கவில்லை. எர்மெஸைப் பார்த்து, "உங்கப்பா குறுக்கால வெட்டத்தான் நெனச்சாருப்பா. உனக்கும் ரெண்டு ஜாதி, அவளுக்கும் ரெண்டு ஜாதின்னு. என் காதால கேட்டேன். உங்கக்காதான், நீ வித்துட்டுப் போயிருவேன்னு குளிர்காலம் பூரா ஓதி ஓதி மாத்தினா" என்றார்.

எர்மெஸ் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். ஜெலிந்தா மாவைத் தேய்த்துச் சுருட்டி நாடா நாடாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா நிலத்தை எப்படி வெட்டச் சொன்னாரு?"

"பத்திரத்துல இருக்கு."

"பத்திரத்தை நான் கேக்கல."

"கையெழுத்துப் போட்டது அப்பா. நான் இல்ல."

"அக்கா, நான் ஒண்ணும் திருப்பிக் கேக்க வரல. என்ன நடந்துச்சுன்னு உன் வாயால சொல்லு, போதும்."

ஜெலிந்தாவின் கத்தி நிற்கவில்லை. "இத்தனை வருஷம் அவருக்கு மலம் அள்ளினவ நான். நீ கேக் கொண்டு வந்தே. அதைச் சொல்லட்டுமா?"

எர்மெஸ் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். அவன் கதவை அடித்துச் சாத்தியிருந்தால் தேவலை என்று ஜெலிந்தா பின்னாளில் நினைத்ததுண்டு.

ஜனவரியில் மூடுபனி ஆற்றிலிருந்து ஏறி வந்து வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்படியொரு காலையில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. விறகு இழுக்கிறான் என்று ஜெலிந்தா நினைத்தாள். மதியம் பனி விலகியபோது வெளியே வந்து பார்த்தாள். பாதி வரிசை காணவில்லை. கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எர்மெஸ் ஒவ்வொரு கொடியின் அடியிலும் சங்கிலியைச் சுற்றி டிராக்டரால் இழுத்துக்கொண்டிருந்தான். வேர்கள் மண்ணோடு பிய்ந்து வந்தன.

அவள் வாய்க்கால் கரைக்கு ஓடினாள். "எர்மெஸ், என்னடா பண்றே?"

அவன் டிராக்டரை நிறுத்தினான். "பீட் கிழங்கு போடப் போறேன். சர்க்கரை ஆலைக்காரன் கேக்கறான்."

"நிறுத்து. பேசலாம் வா."

"காத்தை நீயே வெச்சுக்கக்கா. அது உன்னுதுதான். பூ என்னுது."

டிராக்டர் மறுபடி உறுமியது. மாஃபால்டா கொட்டிலின் படியில் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதபடி நின்றாள். எர்மெஸுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜெலிந்தா பார்த்தது வேறு. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அவன் இறங்கி, பிடுங்கிப்போட்ட அடிமரங்களின் மேலேயே உட்கார்ந்து இருமினான். கை அனிச்சையாகப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து அடுத்த வரிசைக்குச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனான். மாலைக்குள் வெறும் மண்.

ஜூன் வந்தது. அவளுடைய சொர்பாரா எந்த வருஷமும் இல்லாதபடி பூத்தது. மெல்லிய தேன் வாசனை வரிசைக்கு வரிசை நின்றது. ஜெலிந்தா தினமும் போய்க் கொத்துகளைப் புரட்டிப் பார்த்தாள். ஒருபுறம் ஆற்றுக் கரை, மறுபுறம் கோதுமை. தூரத்துத் தோட்டங்களிலிருந்து எவ்வளவு தூள்தான் வந்து சேரும்? பூ உதிர்ந்த பிறகு கொத்துகள் ஈர்க்குச்சிகளாகத் தொங்கின. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுகு போலச் சூம்பிய பிஞ்சு. கடைசி வரிசையில் மட்டும் கொஞ்சம் ஒழுங்கான காய்.

அறுப்பின்போது ஒரே ஒரு வண்டி, அதுவும் நிறையவில்லை. ஆலையில் பழம் கொட்டும் இடத்தில் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒருவன் சொன்னான்: "ஜெலிந்தாவோட கொடியெல்லாம் கன்னியாஸ்திரி மடத்துல சேந்துருச்சாம்."

அந்தக் குளிர்காலமே அவள் தன் சொர்பாரா வரிசைகளுக்கு இடையில் கொடிகளைப் பிடுங்கி இடம் ஒதுக்கி சலமீனோ நாற்று நட்டாள். தன் கையாலேயே தன் கொடிகளைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஆனால் நாற்று பூத்துப் பயன் தர சில வருஷமாகும். அதுவரை?

ஒரெஸ்தேதான் வழி சொன்னார். "பழைய காலத்துல பூத்த கிளையை வெட்டிக் கொண்டாந்து தொங்கவிடுவாங்க. என் சலமீனோலேர்ந்து நான் தர்றேன், வா." அவர் தோட்டத்தில் பூங்கிளையை வெட்டினால் அந்த அளவுக்கு அவருக்குப் பழம் போச்சு. அப்படியும் கொடுத்தார். அன்றைக்கு மன்றத்தில் வாயைத் திறந்ததற்கு அவர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை போலிருந்தது.

ஜூன் முழுக்க ஜெலிந்தா சைக்கிளில் சலமீனோப் பூங்கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்தாள். தண்ணீர் நிரப்பிய பழைய புட்டிகளில் செருகி, கம்பி நெடுகத் தொங்கவிட்டாள். காற்றில்லாத நாளில் கிளையைக் கையில் எடுத்து ஒவ்வொரு கொத்தின் மேலும் உதறுவாள். ஆற்றுக் கரைப் பாதையில் போகும் பெண்கள் நின்று பார்த்தார்கள். நீவெஸ் என்றொருத்தி, எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாதவள், சொன்னாள்: "தனக்குக் கூடிவராத கல்யாணத்தைக் கொடிக்கு நடத்தி வைக்கிறா பாரு."

ஜெலிந்தா திரும்பாமலே பதில் சொன்னாள். "நின்னு சாப்பிட்டுட்டே போ நீவெஸ். கல்யாண வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போகக் கூடாது."

கரையில் சிரிப்பு எழுந்தது. நீவெஸ் நகர்ந்துவிட்டாள். ஆனால் ஜெலிந்தாவின் கை உதறுவதை நிறுத்தியிருந்தது. குவெர்ரீனோவின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எர்மெஸ் கிழங்குச் செடிகளுக்கு நடுவே களைக்கொத்தோடு நிற்பான். பார்ப்பான், பேச மாட்டான். ஒரு நாள் அவள் கரையோரம் வைத்திருந்த பூங்கட்டு ஒன்று உருண்டு வாய்க்காலில் விழுந்து அவன் பக்கம் ஒதுங்கியது. அவன் குனிந்து அதை எடுத்தான். தண்ணீரை உதறினான். வாய்க்கால்மேல் கிடந்த பலகையைத் தாண்டி வந்து அவள் கரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அவள் அதை எடுத்துப் புட்டியில் செருகினாள்.

கிழங்கு அவனைக் காப்பாற்றவில்லை. முதல் இரண்டு வருஷம் ஏதோ வந்தது. பிறகு விலை விழுந்தது. களிமண்ணில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகியது. மாஃபால்டாவின் பின்னல் இயந்திரம் இருட்டிய பிறகும் ஓடியது. எர்மெஸுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, சிறுநீரகமும் கெட்டது. பிடுங்கியதற்குப் பதிலாக மறுபடி நட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "குனிஞ்சு குழி தோண்ட இப்ப எவன் இருக்கான்?" என்றானாம்.

ஜெலிந்தாவின் சலமீனோ நாற்றுகள் வளர்ந்து பூத்த வருஷம் சொர்பாரா மறுபடியும் முழுசாகக் காய்த்தது. அவள் கொஞ்சத்தை ஆலைக்குக் கொடுக்காமல் தானே ஒயின் போட்டாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு புட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினாள். பல வருஷத்தில் அந்தப் பலகை மேல் அவள் கால் வைத்தது அன்றுதான். போகும்போது ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். 'அப்பா குறுக்கால வெட்டத்தான் சொன்னாருடா. நான்தான் மாத்தினேன்.' அவ்வளவுதான், சின்ன வாக்கியம்.

எர்மெஸ் சமையலறையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாஃபால்டா அவனுக்கு முன்னால் கிண்ணத்தில் இறைச்சி ரசமும் அதில் மிதக்கும் சின்னச் சின்ன மாவு முடிச்சுகளும் வைத்திருந்தாள். "உக்காருங்கண்ணி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எர்மெஸ் புட்டியைத் திறந்து, அப்பா செய்வதுபோல ஒயினை நேராக ரசத்தில் ஊற்றினான். ரசம் இளஞ்சிவப்பானது. கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தான்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டாள் ஜெலிந்தா.

"ரொம்பச் சுத்தமா இருக்கு." உதட்டைத் துடைத்தான். "நல்லாத்தான் இருக்கு. நம்ம வீட்டு ஒயின் மாதிரி இல்ல."

அவளுக்குப் புரிந்தது. அவர்கள் குடித்து வளர்ந்த ஒயினில் இரண்டு திராட்சையும் இருந்தன. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மாஃபால்டாவும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், வேண்டுமென்றேதான் திரும்பினாள் என்று பட்டது. ஜெலிந்தா வாயைத் திறந்தாள்.

"வரும்போது பாத்தேன். கூரையில ஒரு ஓடு நகந்திருக்கு. மழைக்கு முன்னாடி சரி பண்ணச் சொல்லு" என்றாள்.

"சரி" என்றான் எர்மெஸ்.

பிப்ரவரியில் அவன் இறந்தான். அடக்கத்துக்கு ஊரே வந்தது. பாதிரியார் இல்லாமல், வாத்தியக் குழுவோடு, அவன் விரும்பியபடி. ஜெலிந்தா மாஃபால்டாவின் பக்கத்தில் நடந்தாள். இருவரின் தோளும் ஒருமுறைகூட உரசவில்லை.

வசந்தத்தில் மாஃபால்டாவே வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, நான் நிலத்தைக் குடுத்துட்டுப் போகப் போறேன். மொதெனாலேர்ந்து லாரி கம்பெனிக்காரன் கேட்டிருக்கான். ஆனா முதல்ல உங்களைத்தான் கேக்கணும்னு தோணுச்சு. அவன் சொன்ன விலைக்குக் கம்மியாவே உங்களுக்குத் தர்றேன். நிலம் ஒண்ணாச் சேந்திரும்."

ஜெலிந்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வாங்கிக்கறேன்."

"ஒரே ஒரு விஷயம். எர்மெஸ் பொறாமையில கொடியைப் பிடுங்கின கிறுக்கன்னு ஊரு இன்னும் பேசுது. செத்த பிறகும் பேசுது. ஒரெஸ்தே சொன்னதைச் சீட்டு மேசைப் பேச்சுன்னு விட்டுட்டாங்க. நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை மன்றத்துக்கு வந்து, நாலு பேர் இருக்கறப்போ சொல்லணும். மாமா குறுக்கால வெட்டத்தான் சொன்னாரு, நான்தான் மனசை மாத்தினேன்னு."

"என் வயசு அவர் கட்டில் பக்கத்துலயே போச்சே, அதை யாரு மன்றத்துல சொல்றது?"

"அதையும் சொல்லுங்க. நான் வேண்டாங்கலையே. எர்மெஸும் அதை ஒத்துக்கிட்டான். அக்கா பட்ட பாட்டுக்கு முழு நிலத்தையும் எடுத்திருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன், பொய் சொல்லி எடுத்ததுதான் ஆறலைன்னான்."

ஜெலிந்தா வருவதாகச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பாவாடையும் நல்ல காலணியும் போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். மேசைகள் நிறைந்திருந்தன. ஒரெஸ்தே சீட்டோடு இருந்தார். மாஃபால்டா ஜன்னல் பக்கம் கையில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். ஜெலிந்தா காபி வாங்கினாள். ஒருவர் ஆலங்கட்டி மழையைப் பற்றிக் கேட்டார். தன் தோட்டத்தில் எந்தப் பக்கம் அடித்தது, எந்தப் பக்கம் தப்பியது என்று விவரமாகச் சொன்னாள். இன்னொருவர் மருந்து விலையைப் பற்றிக் கேட்டார். அதற்கும் சொன்னாள். காபி முடிந்தது. எல்லார் முகத்தையும் பார்த்தாள். இவர்கள்தான் கன்னியாஸ்திரி மடம் என்று சிரித்தவர்கள். இவர்களிடமா? "சரி, வேலை இருக்கு" என்று எழுந்தாள். மாஃபால்டா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நிலத்தை லாரி கம்பெனி வாங்கியது. கோடைக்குள் களிமண்மேல் சல்லி கொட்டி சிமெண்டு போட்டார்கள். கொட்டிலை இடித்தார்கள். மாஃபால்டா பொம்போர்த்தோவில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். அப்புறம் ஜூன் மாதங்களில் அந்தப் பக்கமிருந்து வந்த காற்றில் தூசியும் டீசல் வாடையும்தான் இருந்தன. பூத்த கொத்துகளின் மேல் சாம்பல் படிந்தது. மழை பெய்த வருஷம் தப்பித்தாள், பெய்யாத வருஷம் குறைந்தது.

காலம் மாறியது. சொர்பாராவுக்குத் திடீரென்று மவுசு வந்தது. மற்றது எதுவும் கலக்காத வெளிர் ரோசா ஒயினைத் தேடித் தோரினோவிலிருந்தும் மிலானோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் புகழ்ந்தார்கள். ஜெலிந்தாவின் படம்கூட ஒரு பத்திரிகையில் வந்தது. வீட்டு மேசையில் அந்தப் பக்கத்தைக் காட்ட ஆள் இல்லை. ஒரெஸ்தேயும் அதற்குள் போய்விட்டார். வந்தவர்களுக்கு அந்த ஒயினைத் திறந்து ஊற்றுவாளே தவிர, அவள் குடிப்பதில்லை. நெஞ்செரிச்சல் என்பாள்.

எழுபது தாண்டிய ஒரு குளிர்காலத்தில், கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கால் வாங்கப் பொம்போர்த்தோ இறைச்சிக் கடைக்குப் போனாள். வரிசை வாசல்வரை நின்றது. முன்னால் தடியை ஊன்றிக்கொண்டு நின்ற கிழவி திரும்பினாள். மாஃபால்டா.

"நல்லாருக்கீங்களா அண்ணி?"

"இருக்கேன். நீ?"

"முட்டி போச்சு. மத்தபடி பரவாயில்ல."

வரிசை ஓரடி நகர்ந்தது. ஜெலிந்தாவின் வாயிலிருந்து அது தானாக வந்தது. முன்கூட்டி நினைத்ததில்லை. குரல் கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்டது. "அப்பா நிலத்தைக் குறுக்கால வெட்டத்தான் சொன்னாரு. எர்மெஸுக்கும் சொர்பாரா சேர வேண்டியது. நான்தான் பொய் சொல்லி மாத்தினேன். அவன் கிறுக்கன் இல்ல."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற இளம்பெண் பார்த்தாள். தெற்கே எங்கிருந்தோ வேலைக்கு வந்து குடியேறியவன் ஒருவன் பார்த்தான். இரண்டு பையன்கள் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் அவரவர் பைக்குத் திரும்பினார்கள்.

மாஃபால்டா சுற்றிப் பார்த்தாள். கோபமில்லை, களைப்புதான்.

"யார்கிட்ட சொல்றீங்க அண்ணி?" என்றாள். "இங்க எர்மெஸ்னா யாருன்னு தெரிஞ்சவங்க நீங்களும் நானும்தான். எனக்கு ஏற்கெனவே தெரியும்."

அவள் முறை வந்தது. நூறு கிராம் மொர்ததெல்லா இறைச்சி கேட்டாள். மெல்லிசாக வெட்டச் சொன்னாள். பொட்டலத்தைப் பையில் போட்டு, தடியை மாற்றிப் பிடித்து, "வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே பனிக்குள் போனாள்.

கடைக்காரர் அடுத்து யார் என்று கேட்டார். ஜெலிந்தாவின் காதில் விழவில்லை. இன்னொரு முறை கேட்டார். குழந்தையோடு நின்ற பெண் அவளை மெதுவாகச் சுற்றிக்கொண்டு முன்னால் போய்த் தனக்கு வேண்டியதைச் சொன்னாள்.